கவுன்சிலர் அறை ஏன் காலியாகவே இருக்கிறது?

கேள்வி: மருத்துவமும் செவிலியமும் கற்பிக்கும் கல்லூரி ஒன்றில் மாணவர் நலப் பொறுப்பு புதிதாக என்னிடம் வந்திருக்கிறது. கவுன்சிலர் ஒருவரை நியமித்து ஓர் ஆண்டாகிறது. வாரம் ஒரு தியான வகுப்பும் நடக்கிறது. ஆனால் ஆண்டு முழுக்கக் கவுன்சிலரைப் பார்க்க வந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: அப்படி மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2016இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 47 நாடுகளில் மருத்துவ மாணவர்களிடம் நடந்த ஏறக்குறைய 200 ஆய்வுகளை ஒன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். 27.2 சதவீதம் பேரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 11.1 சதவீதம். மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் 15.7 சதவீதம்தான்.

உங்கள் கல்லூரியில் 500 மருத்துவ மாணவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தக் கணக்குப்படி 136 பேர் சோர்ந்திருப்பார்கள். அவர்களில் 21 பேர் உதவி தேடிப் போவார்கள். மீதி 115 பேர் வகுப்பில் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்துக்கொண்டிருப்பார்கள். இவை பெரும்பாலும் கேள்வித்தாள் கொடுத்து எடுத்த எண்கள், மருத்துவர் நேரில் பார்த்துச் சொன்ன நோய்க்கணிப்பு ஆகாது என்று யாராவது வாதிடுவார்கள். நியாயமான வாதம்தான். பாதியாகக் கழித்துக்கொண்டாலும் 68 பேர் சோர்ந்திருப்பார்கள், உங்களிடம் வந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை.

ஆகவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, அந்த அறைக்கு ஏன் யாரும் போவதில்லை என்பதைத்தான். ஒருமுறை மாணவன் மாதிரி அங்கே நடந்து போய்ப் பாருங்கள். அறை எங்கே இருக்கிறது? முதல்வர் அறைக்குப் பக்கத்திலா? எத்தனை மணிக்குத் திறந்திருக்கிறது? காலை பத்து முதல் மாலை நாலு வரை என்றால் அந்த நேரத்தில் அவர்கள் எல்லோரும் வார்டில் இருப்பார்கள். வாசலில் பெயர், பதிவெண், வந்த காரணம் எழுதச் சொல்லி ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறதா? அதை மாலையில் யார் வாங்கிப் பார்க்கிறார்கள்? எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கவுன்சிலர் மனநலத் துறையிலோ செவிலியக் கல்லூரியிலோ பாடமும் எடுக்கிறாரா? அடுத்த வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எதிரே உட்காரப்போகிறவரிடம் போய், “எனக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை, வார்டுக்குள் நுழைந்தாலே கை நடுங்குகிறது” என்று எந்தப் பிள்ளை சொல்லும்?

மார்க் போடுகிறவரும் காது கொடுத்துக் கேட்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இந்தப் பதில் முழுக்க நான் சொல்லப்போவது ஏறக்குறைய இதைத்தான். மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

முடிந்தால் கவுன்சிலரைக் கல்லூரிக்கு வெளியிலிருந்து அமர்த்துங்கள். மதிப்பெண், வருகைப்பதிவு, நன்னடத்தைச் சான்றிதழ் எதிலும் அவருக்குக் கையெழுத்து இருக்கக் கூடாது. மாலையிலும் விடுமுறை நாளிலும் நேரம் கொடுங்கள். வார்டு நேரத்தில் போக வேண்டி வந்தால் காரணம் கேட்காமல் அனுப்புகிற ஏற்பாடு வேண்டும். ‘உடல்நலச் சந்திப்பு’ என்று சீட்டில் எழுதினால் போதும், பல் வலியா மன வலியா என்று வார்டு இன்சார்ஜுக்குத் தெரிய வேண்டியதில்லை. அப்புறம் ரகசியம் பற்றி ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எது வெளியே போகாது, எந்த நிலையில் மட்டும் போகும் (உயிருக்கு ஆபத்து என்றால்), அப்போது யாரிடம் மட்டும் போகும் என்று. “எல்லாம் ரகசியமாக வைக்கப்படும்” என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எல்லை எது என்று சொன்னால் நம்புவார்கள்.

இன்னொரு பயமும் உண்டு. சிகிச்சை எடுத்தது தெரிந்தால் நாளைக்குப் பதிவு கிடைக்குமா, லைசென்ஸ் கிடைக்குமா என்பது. உங்கள் மருத்துவக் கவுன்சிலும் செவிலியர் கவுன்சிலும் விண்ணப்பப் படிவத்தில் உண்மையில் என்ன கேட்கின்றன என்பதை நீங்களே எடுத்துப் படித்து, முதலாண்டிலேயே மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். விடுதியில் சுற்றும் வதந்தி பெரும்பாலும் படிவத்தைவிடக் கடுமையாக இருக்கும்.

சரி, பேசப் பயப்படுவதால் என்ன ஆகிறது என்பதற்கு மனம் சம்பந்தமில்லாத ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் வார்டில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இரண்டாமாண்டு செவிலிய மாணவி ஒருத்திக்கு நைட் டியூட்டியில் ஊசி குத்திவிட்டது. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடப் போயிருக்கிறாள். போடக் கூடாது என்று அவளுக்கே தெரியும், ஆனால் பயன்படுத்திய ஊசிகளைப் போடும் டப்பா வார்டின் அந்தக் கோடியில் இருந்தது. இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு சொட்டு ரத்தம். துடைத்துவிட்டு, மேலே இன்னொரு கையுறையை மாட்டிக்கொண்டு, மிச்சமிருந்த மூன்று நோயாளிகளுக்கும் ரத்த அழுத்தம் பார்த்து எழுதியிருக்கிறாள். அறைத்தோழியிடம் சொன்னதே நாலாவது நாள்தான். தோழி என்னிடம் ஓடி வந்தாள்.

எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சராசரியாக 0.3 சதவீதம், ஆயிரத்தில் மூன்று. அதையும் தடுக்க மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அவள் வந்தபோது அந்த 72 மணி நேரம் தாண்டிவிட்டது. அந்த நோயாளிக்கு எந்தத் தொற்றும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அந்த நாலு நாளும் அவள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “லாக்புக்கில் கையெழுத்துப் போட வேண்டியது அவங்கதானே” என்றாள். பயிற்சிக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போடும் வார்டு இன்சார்ஜைச் சொன்னாள்.

அன்றிலிருந்து நான் வேலை பார்த்த இடங்களிலெல்லாம் ஒரு விதிக்காகச் சண்டை போட்டிருக்கிறேன்: ஊசி குத்தியதாக யார் வந்து சொன்னாலும் முதல் ஒரு மணி நேரம் ‘எப்படிக் குத்தியது’ என்ற கேள்வியே கூடாது. சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவு, விரலைப் பிதுக்காதே, வா போகலாம், அவ்வளவுதான். கூட ஒருவர் போக வேண்டும். எப்படி நடந்தது என்ற விசாரணையை மறுநாள் வைத்துக்கொள்ளலாம், அதிலும் டப்பா ஏன் அந்தக் கோடியில் இருந்தது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டு, எதிர்ப்பு உருவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வார்டுக்கே அனுப்ப வேண்டும். தடுப்பூசி இல்லாதவர்களுக்கு அந்தக் கிருமி ஊசி வழியே தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரைகூடப் போகும். மாணவர் நலன் என்றதும் தியானம் நினைவுக்கு வருகிற அளவுக்கு இது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

செவிலிய மாணவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆய்வுகளும் ஏற்பாடுகளும் மருத்துவ மாணவர்களைச் சுற்றியே போகின்றன. செவிலிய மாணவி பல வார்டுகளில் பாதி மாணவி, பாதி வேலையாள். ஆள் குறைந்தால் அவள்தான் நிரப்பு. சில வாரத்துக்கு ஒருமுறை போஸ்டிங் மாறும், பெயர் தெரிவதற்குள் அடுத்த வார்டு. புதிதாக வேலைக்கு வரும் செவிலியர், படித்ததற்கும் பார்ப்பதற்கும் இடையே விழுந்து தடுமாறுவதற்கு ‘யதார்த்த அதிர்ச்சி’ என்று 1974இலேயே மார்லின் கிரேமர் பெயர் வைத்துவிட்டார். 1986இல் ஜூடித் மைஸ்னர், நம் குட்டிகளை நாமே தின்கிறோமா என்று செவிலியர்களைப் பார்த்தே கேட்டார். மூத்த செவிலியர் கெட்டவர் என்று பொருளில்லை. அவரும் அப்படித்தான் வளர்ந்தார், இன்று முப்பது நோயாளிக்கு அவர் ஒருவர் நிற்கிறார்.

அதனால் வார்டு இன்சார்ஜுக்கு உபதேசம் செய்யாதீர்கள். போஸ்டிங்கை நீளமாக்குங்கள், ஒவ்வொரு மாணவிக்கும் வார்டில் பெயர் சொல்லி ஒரு ஸ்டாஃப் நர்ஸை ஒதுக்குங்கள், அந்த ஸ்டாஃப் நர்ஸின் நோயாளி எண்ணிக்கையை அன்று குறைத்துக் கொடுங்கள். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் நடக்காது. நிர்வாகம் மூன்றாவதைத்தான் மறுக்கும், அதற்கும் தயாராக இருங்கள்.

திட்டி வளர்த்தால்தான் உறைக்கும் என்று சொல்லும் பேராசிரியரிடம் காட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. 2015இல் இஸ்ரேலில், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களுக்குப் பொம்மையை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். சில குழுக்களிடம் மட்டும் வெளிநிபுணர் ஒருவர் கொஞ்சம் மட்டமாகப் பேசினார், பெரிய வசவெல்லாம் இல்லை. அந்தக் குழுக்களின் நோய்க்கணிப்பும் கைவேலையும் மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தன. மனம் நோகிறது என்றால் கேட்காதவர்கள்கூட, குழந்தைக்கு ஆபத்து என்றால் கேட்பார்கள்.

தூக்கத்துக்கு வருவோம். இரவு முழுக்க விழித்து வேலை செய்வதுதான் வீரம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பயிற்சி மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே குடியிருந்து கற்கும் முறையை 1889 வாக்கில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வடிவமைத்தவர் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற பெரிய அறுவை மருத்துவர். மரத்துப்போக வைக்கும் மருந்தாகக் கோகெய்னைத் தன் உடம்பிலேயே பரிசோதிக்கப் போய் அதற்கு அடிமையானவர், பிறகு மார்ஃபினுக்கு. மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதற்கு அவரை அளவுகோலாக வைத்துக்கொண்டது எனக்கு எப்போதும் விசித்திரமாகவே படுகிறது.

1984இல் நியூயார்க்கில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண், களைத்துப்போன பயிற்சி மருத்துவர்களின் கவனிப்பில் இறந்தபோதுதான் இது பொதுப்பேச்சானது. அதன் விளைவாக 1989இல் அந்த மாநிலம் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 2003இல் அமெரிக்கா முழுக்க அந்த வரம்பு வந்தது. எண்பதே அதிகம் என்பது வேறு கதை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதற்குச் சமம் என்று 1997இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். 24 மணி நேரம் என்றால் 0.10. இன்னோர் ஆய்வு, நீண்ட ஷிப்ட் முடித்து வண்டி ஓட்டிப் போகும் இன்டர்ன்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இருமடங்குக்கு மேல் என்று 2005இல் கண்டது. ஆகவே நைட் டியூட்டி முடிந்த காலையில் வகுப்பு வைக்காதீர்கள், வருகைப்பதிவும் எடுக்காதீர்கள். நைட் போஸ்டிங் முடிந்த மறுநாள் இன்டர்னல் தேர்வு வைப்பது எங்கும் நடக்கிறது. கால அட்டவணை போடுகிறவர்கள் டியூட்டிப் பட்டியலையும் தேர்வு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காததுதான் காரணம். இரண்டையும் ஒரே மேஜையில் விரித்துவைத்து ஒரு மாலை உட்கார்ந்தால் பாதி மோதல்களைத் தீர்த்துவிடலாம். இதற்குச் செலவே கிடையாது.

அடுத்தது சாவு. மாணவர் நலனில் இதைத்தான் நாம் மிக மோசமாகக் கையாள்கிறோம்.

இதயம் நின்றவரைப் பிழைக்கவைக்க முதன்முதலாக நெஞ்சை அழுத்தும் மாணவனை நினைத்துப் பாருங்கள். பொம்மையில் பழகியிருப்பான். நிஜ நெஞ்சில் விலா எலும்பு கையடியில் மளுக்கென்று போவதைப் பொம்மை சொல்லிக்கொடுக்காது. இருபது நிமிடம் மாறி மாறி அழுத்துகிறார்கள். சீனியர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்கிறார். கையுறைகள் கழன்று தொட்டியில் விழுகின்றன. அறை அரை நிமிடத்தில் காலியாகிறது. பெரியவர் ஒருவர் உறவினரிடம் பேசப் போகிறார், இன்னொருவர் அடுத்த கேஸுக்கு. மிஞ்சுவது அந்த மாணவனும் ஒரு செவிலிய மாணவியும்தான். டிரிப்பைக் கழற்ற வேண்டும், குழாய்களை எடுக்க வேண்டும், வாயோரம் துடைக்க வேண்டும். அவன் கை இன்னும் தடதடவென்று ஆடிக்கொண்டிருக்கிறது. அது களைப்பா வேறெதுவுமா என்று அவனுக்கே தெரியாது. பத்து நிமிடத்தில் ரவுண்ட்ஸில் போய் நின்று பொட்டாசியம் அளவைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் அவசரப் பிரிவுச் செவிலியர் ஒருவர் சின்னதாக ஒரு பழக்கம் தொடங்கினார். இறப்பு நேரம் சொன்னதும் யாரும் கிளம்பாமல் அப்படியே கொஞ்ச நேரம் மௌனமாக நிற்பது. படுக்கையில் இருப்பவர் யாருக்கோ வேண்டியவர், இங்கே நிற்பவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள் என்று இரண்டு வாக்கியம், அப்புறம் மௌனம். பிரார்த்தனை கிடையாது, யாருக்கும் மதம் குறுக்கே வராது. பல நாடுகளுக்கு இது பரவிவிட்டது. உங்கள் அவசரப் பிரிவுத் தலைவர் ஒப்புக்கொண்டால் நாளைக்கே தொடங்கலாம். அதோடு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: போகும் முன் சீனியர் அந்த மாணவனிடம், “இதுதான் முதல் தடவையா?” என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். ஆமாம் என்றால் அன்று ரவுண்ட்ஸ் வேண்டாம், யாராவது ஒருவர் கூட உட்கார வேண்டும்.

நேரம் கிடைத்தால் மாதம் ஒருமுறை ‘ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ்’ மாதிரிக் கூட்டம் நடத்தலாம். கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞர் நுரையீரல் புற்றுநோயால் 1995இல் இறந்தார். தன்னைக் கவனித்தவர்களின் சின்னச் சின்ன அன்புதான் தாங்கமுடியாததைத் தாங்க வைத்தது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் பெயரில் 1997இல் பாஸ்டனில் தொடங்கியது இது. சாதாரண ரவுண்ட்ஸில் நோயாளியின் நோயைப் பேசுவோம். இதில், அவரைப் பார்த்துக்கொண்டது எங்களுக்கு எப்படி இருந்தது என்று டாக்டர், செவிலியர், மாணவர் எல்லோரும் சேர்ந்து பேசுவார்கள். முதலில் பேச வேண்டியவர் அறையிலேயே மூத்தவர். துறைத் தலைவர் “அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் அழுதேன்” என்று சொன்ன பிறகு முதலாண்டு மாணவி வாய் திறப்பாள். அவள் முதலில் திறக்க மாட்டாள்.

மதிப்பெண் பற்றிப் பேசாமல் இதையெல்லாம் செய்தால் அது ஒப்பனை. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2009 முதல் பாடத்திட்டத்திலேயே கைவைத்தது. தொடக்க ஆண்டுகளில் தரவரிசையை எடுத்துவிட்டு தேர்ச்சி, தேர்ச்சியில்லை என்று மட்டும் வைத்தது, வகுப்பு நேரத்தைப் பத்து சதவீதம் அளவுக்குக் குறைத்தது, விரும்பிய பாடத்துக்கும் ஆசிரியரோடு சிறு குழுக்களுக்கும் இடம் விட்டது. மாணவர்களின் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. தரம் விழுந்துவிடும் என்பவர்களுக்கு, வர்ஜீனியா மருத்துவக் கல்லூரி தேர்ச்சி, தேர்ச்சியில்லை என்ற முறைக்கு மாறியபோது எடுத்த ஆய்வு 2009இல் வந்தது: மாணவர்களின் நலம் கூடியது, தேர்வுத் திறன் குறையவில்லை. பாடத்திட்டத்தைத் தொட உங்களுக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ரேங்க் பட்டியலைப் பெயரோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதை நிறுத்த எந்த வாரியத்தின் அனுமதியும் தேவையில்லை.

தியான வகுப்பு வீணா என்று கேட்பீர்கள். வீணில்லை. சிலருக்கு உதவும். மருத்துவர்களின் சோர்வைக் குறைக்கும் முயற்சிகளை ஒப்பிட்ட 2017ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று, தனிமனிதருக்குக் கொடுக்கும் பயிற்சியைவிட நிறுவனத்தில் செய்யும் மாற்றங்கள் கூடுதலாக வேலை செய்வதாகக் கண்டது. வகுப்பை வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயமாக மட்டும் ஆக்காதீர்கள். தியானத்துக்கு வரவில்லை என்று அட்டென்டன்ஸ் குறைத்த ஒரு கல்லூரியை எனக்குத் தெரியும்.

கடைசியாக, அவசரம். ஒரு மாணவி திடீரென்று புத்தகங்களையெல்லாம் ஜூனியருக்குக் கொடுக்கிறாள், எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறாள், நீண்ட துக்கத்துக்குப் பிறகு காரணமே இல்லாமல் அமைதியாகிறாள் என்றால், “செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்று ஆய்வுகள் சொல்கின்றன. சுற்றிவளைத்துக் கேட்டால்தான் சுற்றிவளைத்துப் பதில் வரும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், மருந்து அலமாரிச் சாவி அவள் கையில் இருக்கும் டியூட்டியை மாற்றுங்கள். இதைக் கவுன்சிலருக்கு மட்டுமல்ல, விடுதிக் காப்பாளருக்கும் வகுப்புத் தலைவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். இரவு இரண்டு மணிக்கு முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

மூத்தவர்கள் யாராவது “எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை” என்றால் சண்டைக்குப் போகாமல் மருத்துவர்களின் உறுதிமொழியான ஜெனீவா பிரகடனத்தை எடுத்துக் காட்டுங்கள். 1948இல் எழுதிய அந்த உறுதிமொழியில் மருத்துவர் தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2017இல்தான், மிக உயர்ந்த தரத்தில் சிகிச்சை தரும்பொருட்டு என் சொந்த நலனையும் பேணுவேன் என்ற வரியைச் சேர்த்தார்கள். பட்டம் வாங்கும் நாளில் அதை வாசிக்கச் சொல்கிறவர்கள், அதற்கு முந்தைய ஆண்டுகளில் என்ன செய்கிறார்கள் என்று அவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், கமிட்டி போடும் முன் ஒரு நாள் இரவு ஒரு மணிக்கு யாருக்கும் சொல்லாமல் மாணவர் டியூட்டி அறைக்குப் போங்கள். மருத்துவ மாணவர்களுக்கு ஒன்று இருக்கும், செவிலிய மாணவிகளுக்குத் தனியாக ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். கட்டில் எத்தனை, ஆள் எத்தனை, கதவில் உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, பக்கத்தில் கழிவறை திறந்திருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா. எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அதில் ஒன்றையாவது சரிசெய்துவிட்டு, அப்புறம் போய் மாணவர்களிடம் வேறென்ன வேண்டும் என்று கேளுங்கள்.